அவரை ஒருமுறைதான் கேட்டேன்

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவர் குடும்பத்தோடு ரொறன்ரோவுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டபோது நான் உள்ளூர மகிழ்ந்தேன். அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நல்ல மனிதர். விமான உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வாரம் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்துவிட்டு, சனிக்கிழமையைப் பள்ளிக்குக் கொடுத்தவர். அவருடைய இடம் காலியாகிறது என்பதற்காக மகிழ்ந்தேன். அவ்வளவுதான். இந்த ஒரு வரியை எழுத எனக்கு வெகுகாலம் பிடித்தது.

மொன்றியலில் எங்கள் ஆட்களின் பொதுவேலை இப்படித்தான் நடக்கிறது. ஒருவர் வருவார், வேலையைப் பழகுவார், எல்லோரும் அவரை நம்பத் தொடங்கும் நேரத்தில் ரொறன்ரோவில் வீடு வாங்கிவிடுவார். அங்கே அவருடைய சகோதரங்கள் இருப்பார்கள், பிள்ளைகளுக்கு ஆங்கிலப் படிப்பு இருக்கும், தெருவுக்குத் தெரு தமிழ்க் கடை இருக்கும். கோவிலோ ஊர்ச் சங்கமோ பள்ளியோ, இங்கே எதையும் மிஞ்சியவர்களை வைத்துத்தான் நடத்தவேண்டும். நானும் மிஞ்சியவர்களில் ஒருவன். ஊரில் கணித ஆசிரியனாக இருந்தேன். இங்கே ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையின் களஞ்சியத்தில் பெட்டிகளைச் சரிபார்த்து ஓய்வு பெற்றேன். ஆனாலும் எல்லோருக்கும் நான் மாஸ்டர்தான்.

பள்ளிக்கென்று சொந்தக் கட்டடம் கிடையாது. பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் உள்ள ஒரு பிரெஞ்சு ஆரம்பப் பாடசாலை சனிக்கிழமை காலைகளில் தன்னுடைய வகுப்பறைகளை எங்களுக்குத் தந்தது. கரும்பலகையில் திங்கட்கிழமைக்கென்று யாரோ எழுதிவைத்த பிரெஞ்சு வாக்கியத்தை அழிக்காமல், அதன் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில் எங்கள் ஆசிரியைகள் அ, ஆ எழுதினார்கள். என் பேத்தியும் அங்கே படித்தாள். அழுதுகொண்டுதான் வருவாள், ஆனால் வந்தாள்.

புதுத் தலைவரைத் தெரிவுசெய்யும் கூட்டத்துக்கு முன்னால் போகிற தலைவர் என்னை ஒருபக்கமாகக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், நீங்கள்தான் இண்டைக்குத் தேர்தலை நடத்தோணும். ஒரு விசயம். வாற தலைவர் பிரெஞ்சு கதைக்கிற ஆளா இருக்கோணும். அறையள் குடுக்கிற ஒபீஸிலை புதுசா ஒரு மனிசி வந்திருக்கிறா. முந்தினவர் மாதிரி இல்லை. வந்து நேரை கதை, உங்கட பள்ளிக்கூடம் ஏன் வேணும் எண்டு சொல்லு எண்டு கேக்கிறா."

"ஆர் இருக்கினம் அப்பிடி?"

"அந்தப் பிள்ளைதான். இன்சூரன்ஸ் கொம்பனியிலை வேலை செய்யிறா. நான் சாடையாக் கேட்டுப் பாத்தனான். மாட்டன் எண்டு சொல்லேல்லை. நீங்கள் ஒருக்கா வற்புறுத்திக் கேட்டா ஓம் எண்டுவா."

சரி என்றேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இப்போது எழுத எதுவும் இருந்திருக்காது.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். சிறுமியாக இந்த நாட்டுக்கு வந்தவர். படிப்பெல்லாம் இங்கே, பிரெஞ்சில். டவுன்டவுனில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. அவருடைய மகள் பாலர் வகுப்பில் இருந்தாள். தமிழ் நன்றாகக் கதைப்பார், ஆனால் வாசிக்கச் சொன்னால் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துத்தான் வாசிப்பார். ஒருநாள் ஆசிரியையிடம் அனுமதி கேட்டுவிட்டு, மகளின் வகுப்பில் பின்வரிசையில், அந்தச் சின்ன வாங்கில் முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்து எழுதிப் பழகத் தொடங்கினார். நான் வராந்தாவில் நின்று அதைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற ஒருவரிடம், "தாயும் மோளும் ஒரே வகுப்பு," என்று சொன்னேன். அவரும் சிரித்தார்.

இன்னொன்றும் உண்டு. அதற்கு முந்திய பரிசளிப்பு விழாவில் நான் பேச எழுந்தேன். திருத்தித் திருத்தி எழுதிய பேச்சு. மண்டபத்தில் பிள்ளைகள் ஒரே சத்தம். "அமைதி, அமைதி," என்று ஒலிவாங்கியில் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பெண் இருந்த இடத்திலேயே எழுந்து, பிரெஞ்சில் ஏதோ சொன்னார். நீளமாகக்கூட இல்லை. எல்லாப் பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர் என்னைப் பார்த்து, "நீங்கள் கதையுங்கோ மாஸ்டர்," என்றார், மரியாதையாக. நான் சிரித்துக்கொண்டு நன்றி சொன்னேன். அந்த நன்றிக்குக் கீழே என்ன கிடந்தது என்று எனக்குத் தெரியும். அன்று நான் பேசியதில் ஒரு வரிகூட நினைவில்லை. அவர் எழுந்து நின்ற விதம் நினைவில் இருக்கிறது.

கூட்டம் வகுப்புகள் முடிந்தபின், அந்தப் பாடசாலையின் நிலக்கீழ்ச் சாப்பாட்டுக்கூடத்தில் நடந்தது. ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கான வாங்குகள். பெரியவர்கள் எல்லோரும் முழங்கால் நெஞ்சுக்கு வர உட்கார்ந்திருந்தார்கள். வெளியே முதல் பனி விழுந்து சேறாகியிருந்தது. வாசலில் கழற்றிவைத்த சப்பாத்துகளைச் சுற்றித் தண்ணீர் தேங்கிநின்றது. ரோல்ஸும் தேநீரும் இருந்தன. போகிற தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் போனாலும் வட்ஸ்அப்பிலை உங்களோடைதான் நிப்பன்," என்றார்.

பின்னாலிருந்து ஒரு தகப்பன் சொன்னார்: "ரொறன்ரோவுக்குப் போன ஆக்கள் எல்லாரும் வட்ஸ்அப்பிலை நிக்கினம் அண்ணை. இஞ்சை கதிரை அடுக்கத்தான் ஆளில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். போகிறவரும் சிரித்தார், கண் கலங்கியிருந்தது.

பிறகு என்னை முன்னுக்கு அழைத்தார்கள். இந்த இடத்தில், எங்கள் கூட்டங்களில் தலைவரை எப்படித் தெரிவுசெய்கிறோம் என்பதைச் சொல்லவேண்டும். இது சங்கத்தின் எழுதிவைத்த விதி எதிலும் இல்லை. ஒருவர் பெயரை முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். பெயர் சொல்லப்பட்டவர் உடனே எழுந்து மறுக்கவேண்டும். தனக்கு நேரமில்லை என்பார், பிரஷர் இருக்கிறது என்பார், தன்னைவிடத் தகுதியான பெரியவர்கள் இருக்கிறார்கள் என்பார். சபை அவரை விடக்கூடாது. இரண்டாம் தரம் கேட்கவேண்டும். இரண்டாம் தரமும் மறுப்பார், ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும். மூன்றாம் தரம் தேர்தல் நடத்துபவரே நேராக அவரைப் பார்த்துக் கேட்பார். அப்போது அவர், "நீங்கள் எல்லாரும் இவ்வளவு சொல்லுறபடியால்," என்று தொடங்குவார். கைதட்டு விழும். முதல் தரமே ஓம் என்பவரைப் பதவிக்கு அலைகிறவர் என்போம். ஒருவர் உண்மையாகவே வேண்டாம் என்கிறாரா, சம்பிரதாயத்துக்குச் சொல்கிறாரா என்பது எங்கள் ஆட்கள் எவருக்கும் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். எனக்கும் தெரியும். எத்தனையோ கூட்டங்களில் நானே அப்படிக் கேட்டிருக்கிறேன், என்னையும் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்.

கதிரை அடுக்க ஆளில்லை என்று சொன்ன அதே தகப்பன் எழுந்து அந்தப் பெண்ணைக் காட்டினார். "அக்காவை நான் முன்மொழியிறன். பிரெஞ்சு அலுவல் எல்லாம் அவவாலை ஏலும்."

ஓர் ஆசிரியை வழிமொழிந்தார்.

அந்தப் பெண் எழுந்தார். வேலைக்குப் போடும் கறுப்புக் கோட்டோடு நின்றார். முகம் சிவந்திருந்தது. "இல்லை, எனக்குச் சரிவராது. எனக்குத் தமிழும் வடிவா வாசிக்கத் தெரியாது. பெரியாக்கள் இருக்கினம், அவையள் ஆரும் செய்யட்டும்." சொல்லிவிட்டு அவர் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தார். சபை என்னைப் பார்த்தது.

நான் கையிலிருந்த நிகழ்ச்சிநிரலைப் பார்த்தேன்.

"சரி. அவ மறுத்திட்டா. வேற ஆரும்?"

ஒருவர், "மாஸ்டர், இன்னொருக்கா கேளுங்கோவன்," என்றார்.

"இஞ்சை பாருங்கோ, இது ஊர் இல்லை," என்றேன். "இந்த நாட்டிலை ஒரு பொம்பிளைப் பிள்ளை இல்லை எண்டு சொன்னா இல்லை எண்டுதான் அர்த்தம். நாங்கள் வற்புறுத்தக்கூடாது. அவவின்ர முடிவை மதிப்பம்."

எவ்வளவு அழகான வாக்கியம். இளம் தாய்மார் சிலர் தலையாட்டினார்கள். இந்தக் கிழவர் நல்ல முற்போக்குக்காரர் என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பெண் மெல்ல உட்கார்ந்தார். கோட்டின் பொத்தானைப் பூட்டத் தொடங்கினார்.

பிள்ளைகள் மேலே ஓடுகிற சத்தம் கூரையில் கேட்டது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு தாய், மனம் வெறுத்தவர்போல, "அப்ப மாஸ்டரையே போடுங்கோ. அவருக்குத்தானே நேரம் இருக்கு," என்றார்.

நான் கையை விரித்தேன். "ஐயோ, எனக்கு என்னத்துக்கு இந்த வயசிலை?"

"இல்லை மாஸ்டர், நீங்கள் இருந்தா காணும்."

"முழங்கால் நோகுது. பனிக்குள்ளை திரிய ஏலாது."

"நாங்கள் ஏத்தி இறக்குவம் மாஸ்டர்."

மூன்றாம் தரம் போகிற தலைவரே கேட்டார். கேட்கும்போது அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. "நீங்கள் எல்லாரும் இவ்வளவு சொல்லுறபடியால்," என்றேன். கைதட்டினார்கள். அந்தப் பெண்ணும் கைதட்டினார்.

அப்போது என் மனதில் என்ன இருந்தது என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். பெரிய வன்மம் எதுவும் இல்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. மகன் வேலைக்குப் போகும்போது, "அப்பா, கதவைப் பூட்டுங்கோ," என்பான். அது ஒன்றுதான் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. ஒரு சபை என்னைப் பார்த்து வாருங்கள் என்று சொல்வதைக் கேட்க ஆசைப்பட்டேன். அதற்கு முதலில் அந்தப் பெண் உட்காரவேண்டியிருந்தது. பள்ளிக்குத் தேவையான ஆள் அவர்தான் என்பது எனக்கு மற்ற எவரையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் தலைவராக இருந்தேன். பொங்கலுக்குப் பேசினேன். ஆசிரியைகளின் உச்சரிப்பைத் திருத்தினேன். அறைகள் கொடுக்கும் அலுவலகத்துக்கும் போனேன். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, மெற்றோவில் தனியாகப் போனேன். யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்று செயலாளர் சொன்னார். தேவையில்லை என்றேன்.

அலுவலகத்தில் இருந்த பெண்மணி எழுந்து நின்று கைகொடுத்தார். நான் என்னுடைய நல்ல ஆங்கிலத்தில், ஊரில் பள்ளிக்கூடப் பரிசோதகர்களோடு பேசிய அதே ஆங்கிலத்தில், எங்கள் மொழியின் தொன்மையைப் பற்றிப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆங்கிலத்தில் ஓரிரு சொல் சொன்னார், மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்தார், பிறகு பிரெஞ்சுக்கு மாறினார். நீளமாக, நிதானமாக, விரல்களை மடக்கி மடக்கி ஏதோ விளக்கினார். இந்த நகரத்தில் இவ்வளவு காலம் வாழ்ந்தும் கடைக்காரருக்கு வணக்கமும் நன்றியும் சொல்வதற்கு மேல் நான் அந்த மொழியைப் படிக்கவில்லை. களஞ்சியத்தில் அது தேவைப்படவில்லை என்பது நான் சொல்லும் சாட்டு. உண்மையில், அந்த வயதில் மறுபடி பாலர் வகுப்பில் உட்கார எனக்கு வெட்கம்.

அவர் பேசி முடித்து, புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். விளங்குகிறதா என்று கேட்கிறார் என்பது மட்டும் விளங்கியது.

"வீ, வீ," என்று பிரெஞ்சில் ஓம் சொன்னேன். தலையையும் ஆட்டினேன்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில், "எல்லாம் சரி. அருமையான மனிசி," என்று அறிவித்தேன். "மாஸ்டர் போனா காரியம் நடக்கும்," என்று ஒருவர் சொன்னார். ரோல்ஸ் சாப்பிட்டோம்.

சில வாரங்கள் கழித்து வீட்டுத் தொலைபேசியில் அந்தப் பெண்மணியின் குரல் ஒரு தகவல் விட்டிருந்தது. பிரெஞ்சில். நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பள்ளியின் பெயரும் என்னுடைய பெயரும் மட்டும் பிடிபட்டன. அடுத்த அறையில் பேத்தி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பாள். ஆனால் பிறகு மகனிடம், "தாத்தாவுக்கு விளங்கேல்லை," என்றும் சொல்லியிருப்பாள். அந்தத் தகவலை அழித்தேன்.

பனி கரைந்தபின் ஒரு சனிக்கிழமை, பாடசாலைக் காவலாளி என்னிடம் வந்தார். நல்ல மனிதர். நான் விளங்கிக்கொள்ளவேண்டும் என்று ஜூடோ, ஜூடோ என்று சொல்லி, கைகளால் ஒருவரைப் பிடித்து வீழ்த்துவதுபோலக் காட்டினார். வகுப்பறைகளைக் காட்டினார், சாப்பாட்டுக்கூடத்தைக் காட்டினார், பிறகு எங்களைக் காட்டி, வருத்தமாகக் கையை அசைத்தார். கோடை விடுமுறைக்குப் பிறகு ஜூடோ கழகம் வருகிறது, நாங்கள் இல்லை. இந்த முறை எனக்கு ஒன்றும் விளங்காமல் போகவில்லை.

பெற்றோரைக் கூட்டினேன். அதே வாங்குகள். என்ன நடந்தது என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, "எங்கட மொழியெண்டா இவங்களுக்கு இளக்காரம். நான் எவ்வளவு எடுத்துச் சொல்லியும் அந்த மனிசி கேக்கேல்லை," என்றேன். எல்லோரும் நம்பினார்கள். நம்புவதற்கு இலகுவான பொய். அவர்கள் ஒவ்வொருவருக்கும் இந்த நகரத்தில் எங்கேயாவது ஒரு கதவு சாத்தப்பட்டிருந்தது. ஒருவர் கோபத்தில் மேசையில் அடித்தார். ஒரு தாய் அழுதார். அந்தப் பெண் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு இடம் தேடினோம். மன்னார்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் தங்களுடைய தேவாலயத்தின் கீழ்மண்டபத்தைக் கேட்டுத் தந்தது. ஞாயிறு பின்னேரம்தான் கிடைத்தது. ஒரே மண்டபத்தில் எல்லா வகுப்புகளும். ஒரு மூலையில் அரிச்சுவடி, இன்னொரு மூலையில் ஔவையார். இரண்டு பஸ் மாறி வரவேண்டியவர்கள் முதலில் வராமல் நின்றார்கள். பிறகு ஆசிரியைகளும் வருவதை நிறுத்தினார்கள். ஒரு ஞாயிறு நானும் மண்டபத்துக்கு விளக்குப் போடுகிறவரும் மட்டும் இருந்தோம். அவர் எனக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். குடித்துவிட்டு வந்தேன். அதோடு பள்ளி முடிந்தது. மூடுகிறோம் என்று யாரும் அறிவிக்கவில்லை.

அடுத்த ஆண்டுக் கோடை முடிவில் ஜான்-டலோன் சந்தையில் அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். தக்காளி பெட்டி பெட்டியாக மலிந்திருந்த நேரம். அவர் ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சோளப்பொத்தி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். ஒதுங்கிப் போக நினைத்தேன், அவர் கண்டுவிட்டார்.

"சுகமா இருக்கிறியளா மாஸ்டர்?"

"இருக்கிறன் பிள்ளை. மோள் எப்பிடி, தமிழ் படிக்கிறாளோ?"

"எங்கை மாஸ்டர்? சனிக்கிழமையிலை நீச்சலுக்கு விட்டிருக்கிறன். அது பிடிச்சிருக்கு அவளுக்கு." தக்காளியைத் திரும்ப வைத்தார். "மாஸ்டர், கோவிக்காதேங்கோ, ஒண்டு கேக்கலாமோ? அண்டைக்கு ஏன் என்னை ஒருக்கா மட்டும் கேட்டனியள்?"

நான் மகளின் கையிலிருந்த சோளப்பொத்தியைப் பார்த்தேன்.

"அம்மா வீட்டிலை சொல்லித்தான் விட்டவ. உடனை ஓம் எண்டு சொல்லாதை, பதவிக்கு அலையிறாள் எண்டு சொல்லுவினம். மூண்டு தரம் கேப்பினம், மூண்டாந்தரம் ஓம் எண்டு சொல்லு எண்டு. நான் அப்பிடியே பாடமாக்கிக்கொண்டு வந்தனான்." சிரித்தார். "எங்கட ஆக்களின்ர முறை எனக்குத் தெரியாது எண்டு ஆரும் சொல்லக்கூடாது எண்டுதான்."

"எனக்குத் தெரியேல்லை பிள்ளை," என்றேன். "நீர் உண்மையாத்தான் வேண்டாம் எண்டு சொல்லுறீர் எண்டு நினைச்சிட்டன்."

"ஓ," என்றார். ஒரு கணம் என்னைப் பார்த்தார். "சரி மாஸ்டர். வெயிலுக்கை நிக்காதேங்கோ."

வீட்டுக்கு வந்து பல நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மகன் வைத்தியரிடம் கூட்டிப்போனான். முழு வாழ்க்கையும் தமிழ், தமிழ் என்று பேசிய நான் அன்று சபையில் இது ஊர் இல்லை என்றேன். தமிழ் வாசிக்கத் தெரியாதென்று நான் சிரித்த பெண், எங்களுடைய முறையை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்துக்கொண்டு, அடுத்த தரம் கேட்பார்கள் என்று நின்றார். கேட்கவேண்டியவன் நான்.

இலை உதிர்ந்தபின் அவருடைய வீட்டுக்குப் போனேன். உள்ளே வரச் சொன்னார், வாசலிலேயே நின்றேன். உட்கார்ந்தால் தேநீர் தருவார், தேநீர் வந்தால் நான் வேறு எதையாவது பேசிவிடுவேன். சந்தையில் சொன்னது பொய் என்றேன். தெரிந்துதான் இரண்டாம் தரம் கேட்கவில்லை, அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது என்றேன். அலுவலகத்தில் விளங்காமல் தலையாட்டியதையும், தகவலை அழித்ததையும் சொன்னேன். சொல்லும்போது குரல் உடையவில்லை. மற்றவன் ஒருவனுடைய கதையைச் சொல்வதுபோல இருந்தது.

அவர் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எனக்குத் தெரியும் மாஸ்டர். நான் அந்த ஒபீசுக்குப் போன் அடிச்சுக் கேட்டனான். அறையள் பிரிக்கிற கூட்டத்துக்குக் கட்டாயம் ஆள் வரோணும் எண்டு உங்களுக்கு நேரையும் சொல்லி, போனிலையும் சொன்னவையாம். உங்கட தலைவர் ஓம் எண்டு சொன்னவர், பிறகு வரேல்லை எண்டு சொல்லிச்சினம்."

"அப்ப ஏன் பிள்ளை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொல்லி? வயசு போன மனிசன். எல்லாரும் சேந்து உங்களைத் திண்டிருப்பினம். அறை திரும்பி வந்திருக்குமோ?"

"என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

அவர் யோசித்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"எனக்கு ஒண்டும் இல்லை மாஸ்டர். ஒரு பதவி கிடைக்கேல்லை, அவ்வளவுதான். ஆனா இதை நீங்கள் என்னட்டைச் சொல்லிப் பிரயோசனம் இல்லை. அண்டைக்குக் கூட்டத்திலை சொல்லியிருக்கோணும். அந்தச் சனம் இப்பவும் அந்த மனிசியைத்தான் திட்டிக்கொண்டிருக்கு. இப்ப வந்து சொல்லுறியள். ஆருக்குச் சொல்லப் போறியள்?"

"இடம் ஒண்டு பாத்தா, நீர் தலைவரா வருவீரோ?"

"இல்லை மாஸ்டர்."

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அது உண்மையான இல்லை. மேலே கேட்க எதுவும் இருக்கவில்லை.

பெற்றோரைக் கூட்டிச் சொல்ல முயன்றேன். வட்ஸ்அப் குழுவில் ஒரு கூட்டம் வேண்டும் என்று எழுதினேன். இரண்டு பேர் கையெடுத்துக் கும்பிடும் படம் போட்டார்கள். ஒருவர், தாங்கள் இப்போது ரொறன்ரோப் பக்கம் ஏஜாக்ஸில் இருப்பதாகவும், அங்கே பள்ளி மிக நன்றாக நடப்பதாகவும் எழுதினார். மேசையில் அடித்த தகப்பனைத் தொலைபேசியில் பிடித்தேன். நான் தொடங்கும் முன்னரே, "விடுங்கோ மாஸ்டர், நீங்கள் தனி ஆளா நிண்டு எவ்வளவு போராடினனியள், எங்களுக்குத் தெரியாதோ," என்றார். வேலைக்குப் போகும் வழியில் இருந்தார், வைத்துவிட்டார். அதன்பின் நான் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கவேண்டும்.

பதவியிலிருந்தும் விலக முடியவில்லை. விலகுவதென்றால் சபைக்குத்தான் அறிவிக்கவேண்டும், சபை இல்லை. சென்ற மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில், ஒலிவாங்கி பிடித்திருந்தவர் என்னைக் கண்டுவிட்டு, தமிழ்ப் பள்ளியின் தலைவர் வந்திருக்கிறார் என்று அறிவித்தார். மண்டபத்தில் கைதட்டினார்கள். மேசைகளுக்கு நடுவே பிள்ளைகள் பிரெஞ்சில் கத்திக்கொண்டு ஒருவரை ஒருவர் துரத்தி ஓடினார்கள். என் பேத்தியும் அவர்களுக்குள் இருந்தாள். நான் எழுந்து கும்பிட்டேன். உட்கார்ந்தேன். என்னுடைய மேசையில் யாரோ வடையைத் தள்ளிவைத்து, "சாப்பிடுங்கோ மாஸ்டர்," என்றார்கள். சாப்பிட்டேன்.